படகின் வாலில் உட்கார்ந்தவன்

பந்தயம் பாதி தாண்டியபோது, படகின் வாலில் உட்கார்ந்திருந்தவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எட்டுப் பேர் துடுப்புப் போட்டார்கள். ஒவ்வொருவனும் ஒரு பீரோ அகலம். கையில் துடுப்பில்லாமல், அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து தாளம் சொல்வது இவன் ஒருவன்தான். வாய்தான் அங்கே இவனுக்கு உத்தியோகம்.

பரிமாற்ற மாணவனாக ஒரு வருடம் படிக்க வந்தவன். விமானம் ஏற்றிவிடும்போது அம்மா சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க போயும் தூங்கி வழியாத. எதுலயாவது சேரு."

சேராமல் என்ன? பாட்டுக் குழுவில் சேர்ந்தான். வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார்கள். அடுத்த வாரம் அதுவும் வேண்டாம் என்றார்கள்.

நாடகக் குழுவில் பிணமாகப் போட்டார்கள். முன்வரிசை அழுதது. திரை விழுந்த பிறகும் பிணம் எழுந்திருக்காததால் பின்வரிசையும் அழுதது.

சதுரங்கத்தில், இவன் கண்ணை மூடி யோசித்த தோரணையைக் கண்டு நடுங்கிப்போய் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டார். குறட்டை கேட்ட பிறகுதான் ஆட்டம் செல்லாது என்று அறிவித்தார்கள்.

கடைசியில் படகுக் குழு. தாளம் சொல்ல, இருப்பதிலேயே எடை குறைந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நனைந்த துண்டைவிட இவன் கொஞ்சம்தான் கூடுதல். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள், கற்று வைத்திருந்த அந்நிய மொழி அத்தனையும் பயத்தில் ஆற்றோடு போய்விட்டது. வாயில் வந்ததைக் கத்தினான். படகு வில்லிலிருந்து விட்ட மாதிரி பாய்ந்தது. அந்த ஆற்று வாத்துகள் அதற்குப் பிறகு கரையில் நடந்துதான் போய்வந்தன.

"என்ன முழக்கம் இது?" என்று கேட்டான் குழுத் தலைவன்.

"எங்க வீட்ல விடியக்காலைல சொல்றது" என்றான் இவன்.

பொய் இல்லை. அன்றிலிருந்து அந்த முழக்கத்துக்கு முன்னால் எட்டுப் பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். தலைவன் ஒரு நாள் அதை எழுதித் தரச் சொன்னான். இவனும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

இன்று தோற்றால் வால் இருக்கைக்கு வேறு ஆள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்த இருக்கையும் போனால், ஊர் திரும்பும்வரை இவனுக்குக் கட்டில்தான் கதி.

பாதிவரை முழக்கம் கணீரென்றுதான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்து, இவன் தங்கியிருக்கும் வீட்டு அக்கா கரையோரப் பாதையில் சைக்கிளில் வந்தாள். படகுக்குச் சமமாக மிதித்தாள். கைப்பிடியில் போன். போனில் அம்மா.

அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைக் கத்த இவனுக்கு வாய் வரவில்லை.

தாளம் நின்றது. துடுப்புகள் ஆளுக்கொரு பக்கம் போயின. பக்கத்துப் படகின் மூக்கு முன்னால் நீண்டது. எல்லோரும் கையில்லாத பனியனில் இருக்க, கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்த தலைவன், வேர்த்து ஊற்ற, கண்ணாலேயே கெஞ்சினான்.

இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

போனில் அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எட்டும் உயிரைக் கொடுத்து உழைக்கின்றன. தான் பெற்றது மட்டும் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறது.

அம்மாவின் குரலுக்கு ஒலிபெருக்கி என்றைக்குமே தேவைப்பட்டதில்லை.

"எந்திரிடா எருமமாடு. ஊரே வேலைக்குப் போயாச்சு."

எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். இத்தனை மாதம் நகலைக் கேட்டவர்களுக்கு அசல் வந்து இறங்கியிருந்தது. கை துடுப்பில் இருந்ததால் தலையை உதறியே தொப்பிகளை ஆற்றில் தள்ளினார்கள்.

'எந்திரிடா'வுக்குத் துடுப்பு இறங்கியது. 'எருமமாடு'க்கு ஏறியது. இவனும் கண்ணைத் திறந்து கூடச் சேர்ந்துகொண்டான். அம்மா ஒரு தரம், மகன் ஒரு தரம். பக்கத்துப் படகு எங்கே என்று பார்க்கத் திரும்ப வேண்டியிருந்தது. முடிவுக் கோட்டில் நிற்க மறந்து, பாலத்தையும் தாண்டிப் போய்த்தான் படகு நின்றது.

கரையேறியதும் அக்கா போனை நீட்டினாள். அதன் முன்னால் போய் மண்டியிட்ட தலைவன், சட்டையின் வலது கையை மெல்ல மடித்தான்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது. இவனுடைய அதே முத்து முத்தான கையெழுத்து.

எந்திரிடா எருமமாடு.

"எழுத்து சரியா இருக்கான்னு உங்கம்மாகிட்ட கேளு" என்றான்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். துடுப்புகள் வாரியிறைத்த தண்ணீர் தலையிலிருந்து சொட்ட, பட்டப்பகலில், முழுசாக விழித்துக்கொண்டு நின்றான். பெற்றதிலிருந்து அப்படி ஒரு காட்சியை அவள் கண்டதில்லை.

"எழுத்தெல்லாம் சரிதான்" என்றாள். "அடுத்த வரி எங்கன்னு கேளு தம்பிய."

மகன் மொழிபெயர்த்தான்.

தலைவன் இடது கைச் சட்டையை மடிக்க ஆரம்பித்தான்.