மாமனார் பேர்

செல்லக்கிளி நிறைமாதமாக இருந்தபோது மாமனார் இறந்தார். பிறந்த மகனுக்கு அவர் பேரையே வைத்தார்கள்: ஆண்டிச்சாமி. பழனி முருகனின் பேர். அன்றைய சின்னாளப்பட்டியில் நாலு வீட்டுக்கு ஒருவன் அந்தப் பேரில் இருந்தான்.

ஆனால் மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் மகன் அவளுக்கு அப்பு. தைப்பூசத்துக்கு நடந்து போகும் ஆண்டிகளைக்கூட ‘மலைக்குப் போறவுக’ என்பாள். யாராவது பையன் பேரைக் கேட்டால், “அவுக தாத்தா பேருதான்” என்பாள். தாத்தா பேரைக் கேட்டால், “இவன் பேருதான்.”

பையனுக்கு நாலு வயது நடந்தது. ஒரு நாள் காலையில் கொல்லைக் கிணற்றின் விளிம்பில் நின்று, உள்ளே இருந்த தவளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பு! அப்பு!”

திரும்பவில்லை. இன்னும் குனிந்தான்.

“ஏலே ஆண்டிச்சாமி!”

பையன் திடுக்கிட்டு அவளிடம் ஓடி வந்தான். வீட்டுக்குள், மாமனார் போனபின் ஆள் உட்காராத தறிக்குழியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“என்னத்தா, கூப்ட்டியா?”

செல்லக்கிளி பழக்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“பையனைத்தான் மாமா.”

“சரித்தா.”

பிறகு தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

“உள்ள யாரும்மா?” என்றான் பையன்.

“உன் பேருக்காரவுக.”

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த கணவன் சேதுபதி தட்டுகளைப் பார்த்தான்.

“ஒண்ணு கூட இருக்கே, யாருக்கு?”

செல்லக்கிளி தறிப்பக்கம் பார்த்தாள்.

“நான்தானே கூப்ட்டேன். சோறு போடாம எப்படி அனுப்புறது?”