மான் கூண்டு

“ஆயிரம் வருஷத்துக்கு முந்தின அர்த்தத்துல நான் கூப்பிட்டா, எந்த இங்கிலீஷ் வார்த்தையும் வாலாட்டிக்கிட்டு வந்து நிக்கும் ஓய்!” என்றார் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் அருமைநாயகம். பூங்காவின் மான் கூண்டருகே நின்ற அவருடைய நண்பர் தாணு விழுந்து விழுந்து சிரித்தார். தாணுவின் பேத்தி கம்பிவலைக்குள் கைவிட்டு ஒரு புள்ளிமானுக்குக் கேரட் நீட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க, பலகையில எழுதியிருக்கிற டீரைக் கூப்பிடும், பாப்போம்.”

“வேண்டாம் ஓய். அந்தக் காலத்துல டீர்னா மான் மட்டும் இல்ல, எந்த மிருகமும் டீர்தான்.”

“புளுகுக்கும் ஒரு அளவு வேணும்வே!”

ரோஷம் வந்த பேராசிரியர், டீரின் அந்தக் காலத்து உச்சரிப்பில், அடித்தொண்டையிலிருந்து “தேயோர்” என்றார். மற்ற மான்களெல்லாம் பின்சுவரோடு போய் ஒட்டிக்கொண்டன. இந்தப் புள்ளிமான் மட்டும் நகரவில்லை. அதே புள்ளிகள், அதே மெல்லிய கால்கள். ஆனால் அது கேரட்டை விட்டுவிட்டுக் குழந்தையின் விரல்களை முகர்ந்தது. பிறகு அதன் மேலுதடு மெல்ல ஏறியது. தாணு பேத்தியை இழுத்த வேகத்தில் இருவரும் மண்ணில் விழுந்தார்கள். கை இருந்த இடத்தில் கம்பி நறுக்கென்று அறுந்தது.

ஓடிவந்த காவலாளி நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “மான் கம்பியைக் கடிக்குமா சார்? யாருகிட்ட கதை விடுறீங்க?”

தாணு பேத்தியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கண் மட்டும் கூண்டைவிட்டு அகலவில்லை.

“கூப்பிட்டாரு தம்பி. வந்துச்சு. இன்னும் போகல.”