ஐந்தாவது டப்பா

இடது பக்கக் கோப்பையை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடினாள்.

ஒன்றுமே இல்லை. வழக்கம்போல.

“தேன்,” என்றாள். “மலைத்தேன். கூடவே கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்.”

பதினாலு பேரும் கோப்பைக்குள் மூக்கை விட்டார்கள்.

கோவையிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஸ்காட்லாந்து பார்க்க வந்தவர்கள். காலையில் கோட்டை, மதியம் விஸ்கி ஆலை. அவர்களின் கைடான அவளுக்குக் கோட்டையில் மூக்கு தேவைப்படவில்லை. எந்த ராஜா எந்தச் சுவரை இடித்தான், முற்றுகை எத்தனை நாள் நடந்தது, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. தமிழில் கேட்டு வாய்பிளந்து நின்றார்கள்.

ஆலைதான் சோதனை.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டரைத் தவிர அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெளியிலிருந்து வரும் கைடுகளை ருசி பார்க்கும் கூடத்தில் பேச விடுவதே இங்கே பெரிது. மேலாளர் ஹேமிஷ் மூக்கைச் சோதித்த பிறகுதான் பெயர் அட்டையை வாசல் ஆணியில் மாட்டுவார். அந்த ஓர் ஆணிக்காக அவள் மூன்று வருடம் நடையாய் நடந்திருந்தாள்.

விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தினமும் காலையில் நான்கு டப்பா. கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், கற்பூரம். ஒவ்வொன்றையும் இருபது வினாடி முகர வேண்டும். டாக்டர் சொன்ன பயிற்சி. ஐந்நூறு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நாளும் தவறவில்லை. மூக்கு மசியவில்லை.

அவளும்தான்.

அதுவரை மனப்பாடம் கைகொடுத்தது. இடது தேன், நடு ஆப்பிள், வலது புகை. சதுப்பு மண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்தது வலது. மூன்றும் பார்க்க ஒரே நிறம். வைக்கும் வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

“ஆமாங்க, தேன்தான்,” என்றார் ஒருவர்.

“கொல்லிமலைத் தேனுங்க,” என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் கச்சேரி கேட்பதுபோலக் கண்ணை மூடித் தலையாட்டினார்.

கடைசி நாற்காலியில் சென்னியப்பன். நாமக்கல்லில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருப்பவர். காலையிலிருந்து வாயே திறக்காத மனிதர், இப்போது திறந்தார்.

“எனக்கென்னமோ டயர் கருகுற வாசம் அடிக்குதுங்க.”

கூடமே சிரித்தது. யாரும் அடக்கிக்கொள்ளவில்லை.

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். “வந்த எடத்துல மானத்த வாங்காதீங்க.”

அவர் கோப்பையை வைத்துவிட்டார். காது சிவந்துவிட்டது. “எம்மூக்குதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது. முப்பது வருசம் பட்டறைலயே கெடந்ததுங்கல்ல.”

அவள் தன் முன்னால் இருந்த பலகையைப் பார்த்தாள். மூன்று கோப்பைகளைத் தாங்கும் சின்னப் பலகை, ஆளுக்கு ஒன்று. விளிம்பில் இருக்கும் ஆலை முத்திரை எப்போதும் உட்காருபவர் பக்கம் இருக்கும். இன்று எதிர்ப்பக்கம் இருந்தது. மேசை முழுக்க அப்படித்தான்.

யாரோ அவசரத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் நின்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இடது, வலதாகிவிட்டது.

எல்லோர் கையிலும் இருந்தது புகை. அவள் சொன்னாள் என்பதற்காகப் பதிமூன்று பேர் அதில் தேன் கண்டுகொண்டிருந்தார்கள்.

சமாளித்துவிடலாம். ‘சிலர் மூக்குக்கு அப்படியும் தெரியும்’ என்று ஒரு வரி போதும். கதவருகே நிற்கும் ஹேமிஷுக்குத் தமிழ் தெரியாது. அட்டை ஆணியிலேயே இருக்கும்.

சென்னியப்பன் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தடவல் அவளுக்குத் தெரியும். காய்ச்சல் விட்ட முதல் மாதம் முழுக்க அவள் அதைத்தான் செய்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“உங்க மூக்கு சரியாத்தான் இருக்குதுங்கண்ணா,” என்றாள். “எனக்குத்தான் ஒன்றரை வருசமா வாசமே தெரியறதில்லீங்க. இது தேன் இல்ல, புகை. பலகை திரும்பியிருக்குது.”

சிரிப்பு நின்றது. தலையாட்டிய பெரியவர் கண்ணைத் திறந்தார்.

ஹேமிஷ் பக்கம் திரும்பினாள். அதையே ஆங்கிலத்தில், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.

ஹேமிஷ் ஒரு கோப்பையை எடுத்து முகர்ந்தார். சென்னியப்பனிடம் போய்க் கைகொடுத்தார். பிறகு வாசலுக்குப் போய், ஆணியிலிருந்து அவள் பெயர் அட்டையைக் கழற்றினார். குப்பைக்கூடையைத் தாண்டி நடந்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

“மூக்கு வந்ததும் வா,” என்றார். மீதி இரண்டு கோப்பைகளையும் அவரே விளக்கினார். அவள் தமிழில் சொன்னாள்.

பேருந்தில் ஏறும்போது சென்னியப்பன் பின்தங்கினார். “என்னாலதான உங்களுக்கு...” என்று இழுத்தார்.

“அத விடுங்கண்ணா,” என்றாள். “நல்லா நாத்தம் புடிச்ச டயர்த் துண்டு ஒண்ணு வேணும். எதுன்னு பாத்து எடுத்துத் தருவீங்களா?”

வழியில் பெட்ரோல் பங்க்கில் பேருந்து நின்றது. பின்னால் கிடந்த பழைய டயர்களைச் சென்னியப்பன் குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்தார். முதலில் எடுத்ததை ஒதுக்கினார். இரண்டாவதையும் ஒதுக்கினார். மூன்றாவதில் ஒரு துண்டு வெட்டி எடுத்தார். பேருந்து முழுக்கக் காத்திருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மேசைமேல் ஐந்து டப்பா.

கிராம்பு. ஒன்றுமில்லை.

காப்பித்தூள். ஒன்றுமில்லை.

எலுமிச்சை, கற்பூரம்.

ஐந்தாவதன் மூடி இறுகிக் கிடந்தது. வயிற்றோடு அணைத்துப் பிடித்துத் திருகினாள்.