புருசன் பேர்

மறதி நோயாளிக்குப் பேச்சு புரியவில்லையென்றால் அவருடைய காதுக்கருவியைத் தேர்வு நடத்தும் இயந்திரமே நிறுத்திவிடும். இந்த முதியோர் இல்லத்தில் மேல்முறையீடெல்லாம் கிடையாது. இன்று குருவம்மாளுக்குத் தேர்வு.

"உங்கள் கணவர் பெயர் என்ன?" என்று கேட்டது இயந்திரம்.

குருவம்மாள் பக்கத்திலிருந்த கணவரைப் பார்த்து வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சௌந்தரபாண்டின்னு சொல்லிரு தாயி," என்று அவர் கெஞ்சினார்.

"அய்யய்யோ, மாட்டேன். பேரைச் சொன்னா உங்க ஆயுசு குறைஞ்சிரும்ல."

"தொடர்பற்ற பதில்," என்றது இயந்திரம்.

"அடப் பாவி! அவளுக்கு எல்லாம் புரியுது. எங்க பக்கம் புருசன் பேரைச் சொல்ல மாட்டாங்க!"

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே கருவியின் பச்சை விளக்கு அணைந்தது. காதருகே குனிந்து இன்னும் உரக்கக் கத்தினார்.

"ஏங்க, பேர் சொல்லலைன்னு கோவமா?" என்றாள் குருவம்மாள். "ஒரு வார்த்தை பேசுங்க."