ஷெட்டுக்குள் இறங்கிய விமானம்

ராஜபாளையத்தில் பழைய ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ரோட்டரி என்ஜின் வைத்த சிறு விமானத்தைச் செலினா தானே கட்டி முடித்திருந்தாள்.

என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேனிபோல்டு பிரஷர் சென்சார், என்ஜின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். அதுவோ மலையுச்சிக் காற்றின் குறைந்த அழுத்தத்தைக் காட்டியது. சென்சாரையும் குழாயையும் வயரையும் மாற்றிப் பார்த்தாள். எண் மாறவில்லை.

“நாளைக்கு அதிகாரிக சோதிக்க வாராகளே, தள்ளிப்போடச் சொல்வமா?” என்றான் கணவன் கிறிஸ்டோ.

“வேண்டாம். நான் மாட்டுனதுல தப்பு இருக்காது.”

அவள் சொல்லும்போதே, விமானம் கீழே இறங்கும்போது கூடுவதுபோல அழுத்தம் மெல்லக் கூடி, ராஜபாளையத்துக் காற்றின் அளவில் வந்து நின்றது. அசையாமல் நின்ற விமானத்தின் டயர்கள் தரையில் லேசாகக் கீச்சிட்டன. கிறிஸ்டோ இறக்கையைத் தொட்டான். மே மாத நண்பகல் வெக்கையிலும் அது மேகத்தின் ஈரத்தோடு சில்லிட்டிருந்தது.

செலினா நெஞ்சை நிமிர்த்தினாள். “எம்புட்டு பதமா இறங்கிருக்கு, பாத்தியளா.”