நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்

நூல் இறுகியது. அவன் இழுத்தான்.

கைக்கு மேல் கை. கடலில் பழகிய இழுப்பு. நடுவில் நிறுத்தத் தெரியாத இழுப்பு.

"ஆறுதலா, தம்பி." குகதாசன் அண்ணை சிரித்தார். "எங்கட ஊர் மயிலிட்டிக் கடல் எண்டு நினைச்சீரோ?"

பனியில் குடைந்த துளைக்குள் தண்ணீர் பொங்கியது. மீன் மேலே வந்து விழுந்தது.

பொன்னிறம். பெரிய கண். கண்ணுக்குள் பளிங்கு.

இங்கே அதை வோல்ஐ என்கிறார்கள். ஏரித் தண்ணீர் அத்தனை தெளிவு. பகல் வெளிச்சம் பொறுக்காமல் மீன் ஏழு பாகம், நாற்பதடிக்கும் மேலான ஆழத்தில் கிடக்கும். பொழுது சாய்ந்தால்தான் இரை தேடும்.

அண்ணை அளவுப்பலகையை நீட்டினார்.

நாற்பத்தெட்டு.

"சை. விடவேணும்."

நாற்பத்து மூன்றுக்குக் கீழே என்றால் வைத்துக்கொள்ளலாம். அறுபதுக்கு மேலே என்றாலும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்டதைத் திருப்பி விட வேண்டும். இந்த ஏரியின் சட்டம் அது.

அவனுக்குச் சட்டம் புரியும். ஏழு வருடமாக அதைத்தான் படித்தான்.

வியாழக்கிழமை ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானம். கடைசி அகதி மனுவையும் மறுத்துவிட்டார்கள். ஊரில் இன்னமும் ஆட்கள் வீட்டுக்கு வந்து அவனை விசாரித்துப் போகிறார்கள். அம்மா இப்போதெல்லாம் அதைப் போனில் சொல்வதில்லை.

ஒவ்வொரு விசாரணைக்கும் கூடவே வந்து வாசலில் நின்றவர் அண்ணை. போவதற்குள் உறைந்த ஏரியைக் காட்டிவிட வேண்டுமென்று இன்று கூட்டிவந்தவரும் அவர்தான். வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "போய் இறங்கினாச் சரி. ஒண்டும் நடக்காது."

மீனைக் கையில் எடுத்தான்.

வயிறு பந்துபோல் உப்பியிருந்தது. வாய்க்குள் இரைப்பை பிதுங்கி நின்றது. ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கினால் உள்ளே காற்றுப்பை ஊதிவிடும். அவனுக்குத் தெரியும். கடலில் எத்தனையோ பார்த்திருக்கிறான்.

ஆனால் ஊரில் யாரும் மீனைத் திருப்பி விட்டதில்லை.

துளைக்குள் விட்டான்.

"தானாப் போயிடும். ஒண்டும் நடக்காது." அண்ணை சாமான்களைக் கட்டத் தொடங்கினார்.

வாலை அடித்தது. ஒரு முழம் இறங்கியது.

மிதந்தது.

துளையைத் தாண்டி, பனிக்கு அடியில் நழுவியது. வயிறு மேலே.

ஏரியில் உறைந்த முதல் பனி இன்னும் வெளுத்திருக்கவில்லை. ஒரு சாண் கனத்துக்குக் கண்ணாடி. எல்லாம் தெரிந்தது.

செவுள் திறந்தது. மூடியது. வால் கீழ்நோக்கியே அடித்துக்கொண்டிருந்தது.

அவன் முழங்காலிட்டான். உள்ளங்கையைப் பனியில் வைத்தான்.

செவுள் திறந்தது.

"போயிட்டுதோ, தம்பி?"

அண்ணை பனியில் சறுக்கியபடி வந்துகொண்டிருந்தார். பார்க்க ஆசைப்பட்டு வந்தார்.

அவன் கோட்டைக் கழற்றினான். அந்தக் குளிரில் அதை மீனுக்கு நேர்மேலே பனியில் விரித்தான். அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"போயிட்டுது, அண்ணை."