எல்லாருக்கும் மன்னிப்பு

"சந்தோசமான செய்தி, அம்மா. உங்கட தோட்டத்துத் தொரை உண்மையைச் சொல்லிப்போட்டார்!"

கண்டி அலுவலகத்தில் அரச சட்டத்தரணி யோகேந்திரன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே, பன்வில பஸ்ஸில் நசுங்கி வந்த வீரம்மா.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கழிவுத்தூளோடு சீனிப்பாகைக் கலந்து நல்ல தூளென்று விற்கிறார்கள் எனப் புகார் கொடுத்தவள் அவள்தான். அன்றோடு அங்கே பார்த்த வேலை போனது. குடியிருந்த லயத்துக் காம்பராவையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உண்மை பேசுகிறவர்களுக்குத் தோட்டத்தில் உடனே ஓய்வு கிடைக்கும்.

"தொரையா? பேரக் கேட்டாக்கூட பொய் சொல்ற ஆளாச்சே, ஐயா!"

"கூட்டாளியைக் காட்டிக் குடுத்தால் மன்னிப்பு எண்டு சட்டம் சொல்லுது. மன்னிப்பு எண்டதும் ஆருக்கும் உண்மை வந்திடும்."

"அப்ப ஸ்டோரப் பாத்துக்கிற டீமேக்கரு மாட்டிக்குவாரா?"

"அவர் தொரைக்கு முதலே வந்து அழுது மன்னிப்பு வாங்கிட்டார்."

"லொறிக்கார லெட்சுமணன்?"

"அவரும் அரச சாட்சிதான். மூண்டு பேரும் ஒரு சொல் பிசகாமல் ஒரே கதை சொல்லுகினம். இப்பிடி ஒற்றுமையான சாட்சியளை நான் கண்டதேயில்லை."

வீரம்மா சிரித்துவிட்டாள். "கோயில் திருவிழாவுலகூட இவங்க சேந்து நின்னதில்லீங்க. ஆனா ஐயா, தொரை சொல்லி நாந்தான் கையால கலந்தேன்னு மொதல்லயே சொன்னேனே."

"ஓம், அருமையான வாக்குமூலம். மன்னிப்புக் கேக்காமல் உண்மை சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்."

"உண்மை சொல்றதுக்கு எதுக்குங்க மன்னிப்பு?"

யோகேந்திரன் பெருமையோடு தலையாட்டினார். இப்படி ஒருத்தி கிடைப்பது எந்தச் சட்டத்தரணிக்கும் அதிர்ஷ்டம்.

வீரம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, சாட்சிக் கூண்டுல ஏறணும்னு நெனச்சாலே பயமா இருக்குங்க. தொரையோட லாயரு கேள்வி கேட்டே கொதறிடுவாருங்கிறாங்க."

"பயப்படாதேங்கோ. நீங்கள் சாட்சி சொல்லவே தேவையில்லை."

"நெசமாவா? மாரியாத்தா காப்பாத்திட்டா! வேலையத் திருப்பிக் குடுத்துருவாங்களா?"

"முதல்ல வழக்கு முடியட்டும்."

அவள் கும்பிட்டு எழுந்தாள். "அப்ப கோர்ட்டுப் பக்கமே வர வேணாமுங்களா?"

"வராமல் எப்பிடி, அம்மா? மூண்டு பேரும் காட்டிக் குடுத்தது உங்களைத்தான்; குற்றவாளிக் கூண்டில நிக்க வேற ஆர் மிச்சம்?"